இரும்பைத் தடிப்பாக்கினால் போதாதா, அங்கிள்? ஐஸ்பிரேக்கர் பற்றி அடுத்த வீட்டுத் தம்பிக்கு

போன ஞாயிறு காலை சுங்கை சிப்புட் டவுன் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுத் தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தான். ஈப்போ பாலிடெக்னிக்கில் கடல்துறைப் பொறியியல் படிக்கிற பிள்ளை. “அங்கிள், துருவக் கடலில் ஐஸை உடைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓடக்கூடிய கனரக ஐஸ்பிரேக்கர் கப்பல் ஒன்றை டிசைன் பண்ணி வரச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் கப்பலையே எடுத்து, இரும்பைத் தடிப்பாக்கி, பெரிய இஞ்சினைப் போட்டால் போதாதா?” என்று கேட்டான். ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதியதுதான் இது.

தம்பி, நான் ஐஸ்பிரேக்கரில் வேலை பார்த்தவன் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் இருபது வருஷத்துக்கு மேல் இஞ்சின் அறையில் கிடந்தவன். அதில் மூன்று குளிர்காலம் பால்டிக் கடலில், பின்லாந்துக்காரர்களின் ஐஸ்பிரேக்கர் திறந்துவிட்ட பாதையில் அதன் பின்னாலேயே ஊர்ந்திருக்கிறேன். முன்னால் போகிற கப்பல் படுகிற பாடு பின்னால் வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். கடலை விட்டு ஊருக்கு வந்தபிறகு செம்பனை ஆலையில் கொஞ்ச காலம். இந்த அனுபவமும் படித்ததும் சேர்ந்ததுதான் நான் சொல்லப்போவது.

உன் கேள்வியில் தடிப்பான இரும்பைவிட ‘வருஷம் முழுக்க’ என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் கனம் அதிகம். கோடையில் மட்டும் போய்வருகிற கப்பல் சிக்கிக்கொண்டால் இன்னொன்று வந்து இழுத்துப்போகும். ஜனவரி மாத ஆர்க்டிக்கில் கனரக ஐஸ்பிரேக்கரே சிக்கிக்கொண்டால் அதை மீட்க அதற்குச் சமமான இன்னொரு கப்பல் வேண்டும். அப்படி ஒன்று பக்கத்தில் இருக்காது. நம்மைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கோட்டையும் வரைய வேண்டும்.

சரி, ஐஸ் எப்படி உடைகிறது? கோடாரி மாதிரி கூர்முனையால் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உன் மனசிலும் அதுதான் இருக்கிறது. இல்லையென்றால் இரும்பையும் இஞ்சினையும் மட்டும் கேட்டிருக்க மாட்டாய். கடல் ஐஸை நசுக்கப் பார்த்தால் நன்றாகத் தாங்கும், வளைத்தால் தாங்காது. வளைவுக்கு எதிராக அது காட்டும் பலம், நசுக்கலுக்கு எதிராகக் காட்டுவதில் ஒரு சிறு பங்குதான். லோங்காங்குக்குக் குறுக்கே போட்ட பழைய பலகையை நினைத்துக்கொள். அதன் நுனியில் எவ்வளவு இடித்தாலும் ஒன்றும் ஆகாது. நடுவில் தடியான ஆள் ஒருவர் ஏறி நின்றால் மடக்கென்று முறிந்துவிடும். ஐஸ்பிரேக்கர்தான் அந்தத் தடியான ஆள். அதன் மூக்கு தண்ணீர் மட்டத்தை ஒட்டி 20, 25 டிகிரி சாய்வில் படுத்திருக்கும். இஞ்சின் கப்பலைப் பனிப்பாளத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. கப்பலின் எடை பாளத்தை முறிக்கிறது. ரொம்ப மேலே ஏறிக் கரைதட்டின படகு மாதிரி உட்கார்ந்துவிடாமல் இருக்க, மூக்குக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு தடுப்பும் வைப்பார்கள்.

இது பழைய ஞானம்தான். ரஷ்ய அட்மிரல் மக்காரோவ் 1890களின் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் கட்டவைத்த ‘யெர்மாக்’கைத்தான் துருவக் கடலுக்கென்றே யோசித்துக் கட்டிய முதல் ஐஸ்பிரேக்கர் என்பார்கள். அதில் முன்பக்கமும் ஒரு புரொப்பெல்லர் இருந்தது. அமெரிக்கப் பெரிய ஏரிகளில் அந்த ஏற்பாடு நன்றாக உழைத்திருந்தது: அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டால், தாங்க ஆளில்லாத பாளம் சுலபமாக முறியும். 1899இல் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் துருவ ஐஸில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். உதவவில்லை. கழற்றிவிட்டார்கள். ஏரிக்குப் பொருந்தியதைத் துருவத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நீ இணையத்தில் பார்க்கிற படங்களில் பாதி பால்டிக் கப்பல்கள், துருவத்துக்கானவை இல்லை, கவனம்.

உடைப்பதைவிடப் பெரிய தலைவலி, உடைந்ததை எங்கே தள்ளுவது என்பது. கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘போலார் ஸ்டார்’ 1976இல் பணிக்கு வந்தது. அகலம் 25 மீட்டருக்குச் சற்று மேல். 1.8 மீட்டர் தடிமனுள்ள ஐஸை 3 நாட் வேகத்தில் நிற்காமல் உடைத்துக்கொண்டு போகும். 3 நாட் என்றால் நொடிக்கு ஒன்றரை மீட்டர். பெருக்கிப் பார்: நொடிக்குச் சுமார் 70 கன மீட்டர் ஐஸ், எடையில் 60 டன்னுக்கு மேல். குலை ஏற்றிய பத்து டன் லோரி ஆறு சேர்ந்து, ஒவ்வொரு நொடியும் உன் கப்பலின் மூக்கின் கீழ் கொட்டிவிட்டுப் போகிற மாதிரி. அதுவும் சும்மா கிடக்கிற சரக்கில்லை, மேலே மிதந்து வரத் துடிக்கிற சரக்கு. அதைக் கீழே அமுக்கி, கப்பலின் வயிற்றோடு உருட்டி, பக்கத்தில் உடையாமல் கிடக்கிற பாளத்துக்கு அடியில் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் நேராகப் போய் புரொப்பெல்லரில் விழும். கப்பலின் சக்தியில் பெரும்பங்கு இந்த அமுக்கலிலும் உரசலிலும்தான் கரைகிறது.

அதனால் உரசலைக் குறைக்க என்னவெல்லாமோ செய்கிறார்கள். ஐஸ் உரசினாலும் உரியாத வழவழப்பான எப்பாக்ஸி பூச்சு ஒரு வழி. ரஷ்யாவின் பெரிய கப்பல்களில் நீர்மட்டப் பட்டைக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை மேலே பிணைத்திருப்பார்கள். சில கப்பல்களில் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை ஊதி, ஐஸுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடவைக்கிறார்கள். ஐஸின் மேல் உலர்ந்த பனி ஒரு முழம் கிடந்தால் அது மணல்தாள் மாதிரி கப்பலைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பின்னாலிருந்து நானே பார்த்திருக்கிறேன். கப்பலின் மூக்கை அடுத்து வரும் தோள்பட்டைப் பகுதியை உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாக வைப்பதும் இதற்காகத்தான். பாதை உடம்பைவிட அகலமாக வெட்டப்பட்டால் திரும்பவும் பின்வாங்கவும் இடம் கிடைக்கும். பக்கச் சுவரும் நெட்டுக்குத்தாக இருக்கக்கூடாது. காற்று அழுத்தும்போது ஐஸ் இரண்டு பக்கமும் நெருக்கும். சரிவாக இருந்தால் கப்பல் மேலே எழும்பும், நேராக இருந்தால் நசுங்கும். நோர்வே துருவ ஆய்வாளர் நான்சென் 1893இல் ‘ஃப்ராம்’ மரக்கப்பலை உருண்டை வயிற்றோடு கொண்டுபோய் வேண்டுமென்றே ஐஸில் உறையவிட்டார்; கப்பல் பத்திரமாகத் திரும்பிவந்தது. இன்னொரு துருவ ஆய்வாளர் ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ 1915இல் நெருக்கலில் நசுங்கி அண்டார்க்டிகா பக்கம் மூழ்கியது.

இப்போது இஞ்சின். தோட்டத்துச் சேற்றில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் என்ன செய்வார்? பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு மோதி, மறுபடி பின்னுக்கு. தடிமனான ஐஸில் ஐஸ்பிரேக்கரும் அதையேதான் செய்கிறது. ‘போலார் ஸ்டார்’ இப்படி மோதி மோதி 6.4 மீட்டர் வரை உடைக்கும். இந்த வேலையில் சக்தியின் அளவு மட்டும் முக்கியமில்லை, குணமும் முக்கியம். பெரிய ஐஸ் துண்டு புரொப்பெல்லர் இலையில் சிக்கும்போது அதைச் சுற்றுகிற தண்டு கிட்டத்தட்ட நின்றே போகும். டீசல் இஞ்சினை நேராகத் தண்டில் பூட்டியிருந்தால் திணறி அணைந்துவிடும். மின்மோட்டாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நிற்கிற நிலையிலும் முழு முறுக்குவிசை தரும், சட்டென்று திசையும் மாறும். அதனால் டீசல் ஜெனரேட்டர், நடுவில் கேபிள், கடைசியில் மோட்டார் என்பதுதான் இன்றைக்குப் பொதுவான ஏற்பாடு. அணுசக்திக் கப்பலிலும் கடைசியில் தண்டைச் சுற்றுவது மின்மோட்டார்தான். ‘போலார் ஸ்டார்’ கொஞ்சம் வேறு ரகம்: சாதாரண வேலைக்கு 18,000 குதிரைச்சக்தி டீசல்-மின்சாரம், மல்லுக்கட்டும்போது 75,000 குதிரைச்சக்தி தரும் மூன்று கேஸ் டர்பைன். பலம் பிரமாதம், எண்ணெய்ச் செலவும் பிரமாதம். அந்த வழியை நான் உனக்குச் சொல்லமாட்டேன்.

பின்லாந்துக்காரர்கள் 1990இல் ஒரு சின்னக் கப்பலில் புது யோசனை ஒன்றைச் சோதித்தார்கள். மோட்டாரையே ஒரு கூட்டுக்குள் வைத்து, கப்பலுக்கு அடியில் தொங்கவிட்டு, 360 டிகிரியும் சுழலவிடுவது. அஸிபாட் என்று பெயர். சுக்கான் தேவையில்லை. அதைவிடப் பெரிய லாபம் அப்புறம்தான் தெரிந்தது: கப்பலைப் பின்பக்கமாக ஓட்டினால் புரொப்பெல்லர் ஐஸ் மேட்டின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துத் தின்றுகொண்டு போகிறது. சீனாவின் ‘ஷுவே லோங் 2’ 2019இல் வந்தது; முன்னாலும் பின்னாலும் ஒன்றரை மீட்டர் ஐஸை உடைக்கும். ஆனால் கூட்டுக்குள் இருக்கிற பேரிங் கெட்டுப்போனால் நடுக்கடலில் கையைவிட்டுச் சரிசெய்ய முடியாது. பழைய இஞ்சினியர் புத்தி எனக்கு. தண்டு உள்ளே, என் கண்முன்னால் சுற்ற வேண்டும். அமெரிக்கா இப்போது கட்டுகிற கனரகக் கப்பலில் நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் அஸிபாட். இந்தச் சமரசம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவரும்.

அணுசக்தி பற்றியும் கேட்பாய். ரஷ்யாவின் ‘லெனின்’ 1959இல் பணிக்கு வந்தது. 1977 ஆகஸ்டில் ‘ஆர்க்டிகா’ தண்ணீர்ப்பரப்பு வழியாகவே வடதுருவத்தைத் தொட்ட முதல் கப்பல் ஆனது. அதே பெயரில் 2020இல் வந்த புதிய கப்பல் 173 மீட்டர் நீளம், 34 மீட்டர் அகலம், தண்டில் 60 மெகாவாட், கிட்டத்தட்ட 3 மீட்டர் ஐஸ். எண்ணெய் நிரப்ப ஓட வேண்டாம் என்பது குளிர்காலம் முழுக்க ஐஸுக்குள் கிடக்கிற கப்பலுக்குப் பெரிய வரம். ஆனால் நம்ம ஊர்க்காரர்கள் ரசிக்கிற ஒரு விஷயம் இதில் உண்டு. பழைய ஆர்க்டிகா வகைக் கப்பல்களின் உலையைக் குளிர்விக்கக் குளிர்ந்த கடல்நீர் வேண்டும். வெப்பமண்டலத்தைக் கடந்து தென்துருவத்துக்குப் போக அவற்றால் முடியாது. மைனஸ் 40 டிகிரியைச் சமாளிக்கிற கப்பல் மலாக்கா நீரிணைச் சூட்டில் தோற்றுப்போகும்! ‘போலார் ஸ்டாரு’க்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, பூமத்திய ரேகையைத் தாண்டி, அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்குப் பாதை வெட்டப் போகிறது. நீ வடிவமைப்பது இரண்டு துருவத்துக்குமா, ஒன்றுக்கு மட்டுமா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடு. இரண்டுக்கும் என்றால் உன் குளிரூட்டி 30 டிகிரிக் கடல்நீருக்கும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த நெடும்பயணத்தில் இன்னொரு தண்டனையும் உண்டு. ஐஸுக்கு ஏற்ற உருண்டை வயிறு திறந்த கடலில் தொட்டில் மாதிரி ஆடும். சாதாரணக் கப்பலில் ஆட்டத்தைக் குறைக்க அடிவயிற்றில் வைக்கிற பட்டைத் துடுப்புகளை ஐஸ் பிய்த்துப் போட்டுவிடும். தொட்டிகளில் தண்ணீரை அலையவிட்டு ஆட்டத்தைத் தணிக்கலாம். அதே தொட்டிகளை வைத்துக் கப்பலை வேண்டுமென்றே இடமும் வலமும் சாய்த்து, ஐஸ் பிடியிலிருந்து உதறி விடுவித்துக்கொள்ளவும் செய்யலாம்.

இனி நீ கேட்ட இரும்பு. ‘போலார் ஸ்டாரி’ன் மூக்குத் தகடு 44 மில்லிமீட்டர். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கிற விலா எலும்புகள். சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. சரக்குக் கப்பலில் அதைப்போல இரண்டு மடங்கு இடைவெளி சாதாரணம். ஐஸ் ஒரு சின்ன இடத்தில் பயங்கரமாக அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தகடு விலாவுக்குக் கொடுக்க, விலா உள்ளே இருக்கிற தளங்களுக்குக் கொடுக்க வேண்டும். தகட்டை மட்டும் தடிப்பாக்கினால் எடை கூடும், பள்ளம் விழுவது நிற்காது.

இரும்பின் ரகமும் பார்க்க வேண்டும். 1943 ஜனவரியில் ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில், அலையே இல்லாத தண்ணீரில், கட்டிப்போட்ட இடத்திலேயே இரண்டாக முறிந்தது. குளிரில் இரும்பு வளையும் குணத்தை இழந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு மோசமான வெல்டிங் போதும், விரிசல் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் இரும்பைக் குளிரவைத்துச் சம்மட்டியால் அடித்துச் சோதிக்கிற பழக்கம் கப்பல் உலகில் உறுதிப்பட்டது. உனக்குத் தேவை மைனஸ் 40இலும் மைனஸ் 60இலும் அப்படி அடிவாங்கித் தேறிய ரகங்கள். இவற்றை வளைப்பதும் வெல்டிங் செய்வதும் தனிக்கலை.

எந்த அளவுக்குப் பலம் என்பதற்கு நீ மண்டையை உடைக்க வேண்டாம். கப்பல்களைச் சோதித்துத் தரம் பிரிக்கிற வகைப்பாட்டுச் சங்கங்கள் சேர்ந்து துருவ வகுப்பு என்று ஏழு படி வைத்திருக்கின்றன. ஏழாவதும் ஆறாவதும் கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் மட்டும். ஐந்திலிருந்து வருஷம் முழுக்க, ஆனால் ஓரளவு தடிமனுள்ள ஒரு வருஷ ஐஸில். இரண்டாவது வகுப்பு, மிதமான பல்லாண்டு ஐஸில் வருஷம் முழுக்க. முதலாவது, எல்லாத் துருவக் கடலிலும். ஒரு குளிர்காலத்தில் உறைவது சுமார் 2 மீட்டர் வரை வளரும், உள்ளே உப்புநீர் இருப்பதால் கொஞ்சம் மெத்து. கோடையைத் தாண்டிப் பிழைத்த ஐஸில் அந்த உப்பு வடிந்துபோய்விடும்; தடிமனும் கூடி, பாறை மாதிரி இறுகிப்போகும். ‘மிதமான’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பல நூறு டன் இரும்பு ஒளிந்திருக்கிறது. நீ இரண்டாவது வகுப்பை எடு. அமெரிக்காவும் கனடாவும் இப்போது கட்டும் கனரகக் கப்பல்களுக்கு அதைத்தான் எடுத்திருக்கின்றன. முதலாவதைப் பார்த்து ஆசைப்படாதே.

மாணவர் புராஜெக்ட்களில் யாரும் கவனிக்காத ஓர் இடம், இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கிற குளிர்நீர் வாய். இதில் நான் அடிபட்டவன். பால்டிக்கில் ஒரு பிப்ரவரி இரவு, உடைந்த ஐஸ் கூழ் எங்கள் கப்பலின் கடல்நீர் வாயில் போய் அடைத்துக்கொண்டது. சுற்றிலும் உறைகிற தண்ணீர், உள்ளே இஞ்சின் கொதிக்கிறது. வடிகட்டியைக் கழற்றி வாளி வாளியாக ஐஸை அள்ளிக் கொட்டுகிறோம். மாட்டிய பத்து நிமிஷத்தில் மறுபடி அடைப்பு. கடைசியில் இஞ்சினை நிறுத்தினோம், பாதை எங்களைச் சுற்றி மூடிக்கொண்டது. ஐஸ்பிரேக்கர் திரும்பிவந்து வட்டம் போட்டு விடுவித்தது. பிற்காலத்தில் ஆலைக் குளத்துப் பம்பில் இலை தழை அடைக்கும்போதெல்லாம் அந்த இரவு ஞாபகம் வரும். எங்களுக்கு வந்து உதவ ஆள் இருந்தது; உன் கப்பலுக்கு இருக்காது. அதனால் நீர் வாயை ஆழத்தில் வை, உள்ளே ஐஸ் மேலே மிதந்து ஒதுங்க உயரமான தொட்டி வை, இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான தண்ணீரைத் திரும்ப அதற்குள் விடு. எல்லாமே அடைத்துக்கொண்டாலும், உள்ளே இருக்கிற நிலைப்படுத்தும் தண்ணீரையே சுற்றவிட்டுக் குளிர்விக்க ஒரு மாற்றுக் குழாய்வழி போடு.

துருவக் கடலில் ஓடுகிற கப்பல்களுக்கென்று 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிற துருவக் குறியீட்டு விதிகளையும் எடுத்துப் படி. உயிர்காக்கும் சாதனங்களை, மீட்பு வர ஆகும் காலம் முழுதுக்கும் கணக்கிட வேண்டும். அந்தக் காலத்தை ஐந்து நாளுக்குக் குறைவாக வைக்கக்கூடாது என்கிறது. மைனஸ் 40இல் ஐந்து நாள்! மூடிய தளங்கள், சூடேற்றிய நடைபாதை, உறையாத லைஃப்போட் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

நம்ம நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்து மேசைப் பெரியவர் கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? மலேசியா 2011இல் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நம் விஞ்ஞானிகள் அதற்கு முன்பிருந்தே அங்கே போய்வருகிறார்கள், மற்ற நாடுகளின் துணையோடு. நாம் சொந்தமாக ஒன்று கட்டுவோமா என்றால், கட்டத் தெரிந்த நாடுகளே தடுமாறுகின்றன. அமெரிக்கா புதிய கனரகக் கப்பலுக்கு 2019இல் ஒப்பந்தம் போட்டது; 2024 கடைசியில்தான் முழுக் கட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்தது. கனடா 2008இல் அறிவித்தது, கட்டுமான ஒப்பந்தம் 2025இல். ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினால் கைப்பழக்கம் எங்கிருந்து வரும்? அதனால்தான் கனடாவின் ஒரு கப்பலுடைய உடம்பு ஹெல்சிங்கியில் உருவாகிறது.

நீ இப்போதைக்குக் கப்பலை வரையாதே. எந்தக் கடல், எந்த மாதம், எத்தனை மீட்டர் ஐஸ், எத்தனை நாள் எண்ணெய் நிரப்பாமல், பின்னால் வருகிற கப்பலின் அகலம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுது. அப்புறம் லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஐஸ் எதிர்ப்பு வாய்ப்பாட்டைத் தேடி எடு. நசுக்குவது, வளைத்து முறிப்பது, அமுக்குவது எல்லாம் அதில் தனித்தனியாக வரும், கையாலேயே போட்டுவிடலாம். மூக்கின் சாய்வை 20, 25, 30 என்று மாற்றி மூன்று தடவை போட்டுப் பார். சனிக்கிழமை காலை அந்தத் தாளோடு வீட்டுக்கு வா. அகலத்தை 25க்குப் பதில் 34 என்று வைத்து நாலாவது தடவை நான் போடச் சொல்வேன், அதையும் இப்போதே போட்டுக்கொண்டு வந்தால் எனக்கு வேலை மிச்சம்.